ஜன்னலில் நிற்பது யார் என்று கேட்டவர்கள்

கப்பலூரில் நான் காவல் இருக்கும் கட்டடம் ஒரு காலத்தில் பிஸ்கட் கம்பெனியாக இருந்தது. அதை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் மழைக்கு முன்னால் காற்று கனக்கும்போது அடுப்பறைச் சுவரிலிருந்து கருகிய சீனி வாசம் வரும். எறும்புகள் இன்னும் அதை நம்பி வந்துகொண்டிருக்கின்றன. நான் அந்த அடுப்பில் வேலை பார்த்தவன். கம்பெனியை மூடியபோது மற்றவர்கள் வேறு இடம் பார்த்துப் போனார்கள். புது இடத்தில் போய் நின்று வேலை கேட்க எனக்கு வராது என்பது முதலாளிக்குத் தெரியும். "நீ இங்கயே கெடய்யா, சாவிய வச்சுக்க" என்றார். பேக்கிங் அறையில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், துணி காயப்போட ஒரு கொடி. அதுதான் என் வீடு.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் கடைசிவரை நான் தலையை நிமிர்த்தவில்லை. மாப்பிள்ளைக்குக் கண்ணில் ஏதும் கோளாறா என்று தரகரிடம் கேட்டு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு நானும் போகவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. ஒரே தங்கை நாகமலை புதுக்கோட்டையில் இருக்கிறாள். சின்ன வீடு. தீபாவளிக்குப் போனால், "பேசாம இங்கயே வந்துருண்ணே" என்பாள். சொல்லும்போதே அவள் கண் வீட்டுக்குள் ஒரு சுற்று சுற்றிவரும், எனக்கு எங்கே பாய் விரிப்பது என்று. பாசம் இல்லாமல் இல்லை. இடம் இல்லை. அதனால் சாயங்காலமே பஸ் ஏறிவிடுவேன்.

போன வருடம் முதலாளி கே.கே. நகரிலிருந்து வண்டியில் வந்து, இறங்காமலேயே ஒரு விஷயத்தைச் சொன்னார். "தை மாசத்துக்குள்ள யாராவது வாடகைக்கு வரணும். வந்தா நீயும் இப்பிடியே இருந்துக்கலாம், அதையும் சேத்தே பேசி விட்டுர்றேன். வரலேன்னா பிளாட் போடுறவங்ககிட்டக் குடுத்துருவேன். அவங்க வந்த மறுநாளே இடிச்சுருவாங்க. பெறகு என்னையக் குத்தம் சொல்லப்படாது."

நான் சரி என்று தலையாட்டினேன். அவர் போன பிறகு கட்டிலில் உட்கார்ந்து அறையைப் பார்த்தேன். இடித்தால் எடுத்துப் போக என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஒரு ஆட்டோவில் அடங்கிவிடும். போக இடம்தான் இல்லை.

படம் எடுக்கிறவர்கள் வந்தது அந்த ஆடி மாதத்தில். ஒரே வேனுக்குள் எல்லோரும் வந்து இறங்கினார்கள். டைரக்டர் இளவயதுத் தம்பி. முதலாளியின் சொந்தக்காரர் ஒருவரோடு கல்லூரியில் படித்தவராம். கட்டடம் சும்மாதானே கிடக்கிறது என்று முதலாளி சம்மதித்துவிட்டார். சூனியக்காரி ஒருத்தியின் சாபத்தைப் பற்றிய கதை. புதிதாகக் கல்யாணமான இருவர் ஒரு பழைய பங்களாவில் குடியேறுகிறார்கள். அங்கே ஊர்க்காரர்களால் அடித்துக் கொல்லப்பட்ட சூனியக்காரி சாகும் முன் ஒரு சாபம் கொடுத்திருக்கிறாள்: "இந்தக் கூரைக்குக் கீழ இனி ரெண்டு பேரு சேர்ந்து ஒக்காந்து சோறு திங்க மாட்டீங்கடா!" அதன்பின் அந்த வீட்டில் சோற்றுக்கு உட்காருகிற ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் செத்துப்போவார். அந்தப் பங்களாவாக எங்கள் பிஸ்கட் கம்பெனி நடித்தது.

பேய்ப்படத்தை ராத்திரியில் எடுப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ராத்திரி எடுத்தால் ஜெனரேட்டர் வேண்டும், பெரிய லைட்டுகள் வேண்டும், கட்டுப்படியாகாது என்றார் டைரக்டர் தம்பி. அதனால் பகலையே இருட்டாக்கினார்கள். கதவு, ஜன்னல், கூரையில் ஓடு உடைந்த இடம் எல்லாவற்றையும் கறுப்புத் துணியால் அடைத்தார்கள். அடுப்பறையின் மேற்கு ஜன்னலில் மட்டும் ஆணி நிற்கவில்லை. வருடக்கணக்காக அனல் குடித்த சுவர். சுத்தியலை ஓங்கினால் காரை மாவாகக் கொட்டியது. டைரக்டர் தம்பி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்னண்ணே இது, சுவரா ரஸ்க்கா?"

"நான் பிடிச்சுக்கிறேன் தம்பி" என்றேன்.

வெளியே போய், பழைய எண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி, துணியின் மேல்மூலைகள் இரண்டையும் ஜன்னல் சட்டத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதுகில் மேற்கு வெயில். தலையில் துண்டு. 'கட்' என்று சொல்லும்வரை அசையக் கூடாது. எனக்கு அது பிடித்திருந்தது. அத்தனை பேருக்குப் பக்கத்தில் இருக்கலாம், ஒருவரும் என்னைப் பார்க்க மாட்டார்கள். உள்ளே அவர்கள் பேசுவதும் கேலி செய்துகொள்வதும் துணி வழியாகக் கேட்கும். சூனியக்காரியாக நடித்த அம்மா மேடை நாடகத்தில் நடித்தவர். அந்தச் சாபத்தை அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். முதல் தடவை கேட்டபோது கொஞ்சம் பயந்தேன். அப்புறம், என் விஷயத்தில் இது எப்போதோ பலித்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் எல்லோரும் பேக்கிங் மேசையைச் சுற்றி நின்று சாப்பிடுவார்கள். "அண்ணே வாங்க" என்பார்கள். "ஆச்சு தம்பி" என்று சொல்லிவிட்டு அவர்கள் போனதும் சாப்பிடுவேன்.

படப்பிடிப்பு முடிந்து வேன் கிளம்பிய அன்று கட்டடம் ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது.

ஐப்பசியில் படம் யூடியூபில் வந்தது. டைரக்டர் தம்பி வாட்ஸப்பில் அனுப்பினார். நான் படத்தை ஒரு தடவைதான் முழுதாகப் பார்த்தேன். ஆனால் அதன் கீழே பார்த்தவர்கள் எழுதியிருந்ததை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல முடியாது. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அதனால் ஒவ்வொரு கருத்தும் எனக்கு நீண்ட நேரம் நீடித்தது.

'சூனியக்காரி கத்தும்போது மூக்குத்தி கழண்டு விழுது, அவங்களே குனிஞ்சு எடுத்துக்கிறாங்க. அதையாவது கட் பண்ணிருக்கலாம் ப்ரோ.'

'பேய் வர்றதுக்கு முன்னாடி நாய் குரைக்குது சரி. பின்னாடி பரோட்டாக் கடையில கொத்துற சத்தமும் சேர்ந்து கேக்குதே.'

'ஹீரோயின் அழுகை சூப்பர். எனக்கும் அழுகை வந்துச்சு, ஒன்றரை மணி நேரம் வீணாப் போச்சேன்னு.'

'கொறச்ச காசுல இம்புட்டு செஞ்சதே பெருசு. கேலி பண்றவன் ஒரு நிமிசப் படம் எடுத்துக் காட்டுங்க மாப்ள.'

இதெல்லாம் ஒரு சாபமா என்று ஒருவர் கேட்டிருந்தார். 'எங்க வீட்ல யாரும் சேர்ந்து சாப்பிடுறதே கிடையாது. ஆளுக்கு ஒரு செல்லு, ஆளுக்கு ஒரு மூலை. சூனியக்காரி எங்க வீட்டுக்கு வந்தா வேலை மிச்சம்னு திரும்பிருவா.' அதை நான் மறுபடியும் மறுபடியும் படித்தேன்.

யாரையும் எனக்குத் தெரியாது. ஆனால் நாலு நாளில் பழகிவிட்டார்கள். பெயருக்குப் பக்கத்தில் ரோஜாப்பூ படம் வைத்திருந்தவர் எல்லோரையும் திட்டுவார். குழந்தை படம் வைத்திருந்தவர் யார் திட்டினாலும் சமாதானம் செய்வார். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்ததும் புதிதாக யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். கட்டடத்தில் ஆள் நடமாட்டம் இருப்பது போல இருந்தது.

இன்னொரு நல்ல காரியமும் அப்போது நடந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பை தைத்து விற்கும் வியாபாரி ஒருவர் கட்டடத்தைப் பார்க்க வந்தார். பழைய மதுரைக்குள் தெற்கு மாசி வீதிப் பக்கம் சந்து ஒன்றில் தையல் வைத்திருந்த முஸ்லிம் குடும்பம். இடம் பற்றவில்லை. அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாக் காத்தோட்டமா இருக்கு. இன்ஷா அல்லாஹ் கார்த்திகையில வந்துருவோம்" என்றார். நானும் இருந்துகொள்ளலாம் என்று அவரே சொன்னார். அன்று ஸ்டவ்வைத் துடைத்து வைத்தேன்.

அந்த வாரம்தான் ஒருவர் எழுதினார்: 'சாபம் குடுக்குற சீன்ல பின்னாடி ஜன்னலப் பாருங்க. யாரோ நிக்கிறாங்க.'

நானும் போய்ப் பார்த்தேன். சூனியக்காரி கையை ஓங்கிச் சாபமிடுகிறாள். பின்னால் கறுப்பு ஜன்னல். திடீரென்று அந்தக் கறுப்பு விலகி, வெள்ளையாக ஓர் உருவம். முகம் இல்லை, வெளிச்சம் தின்றுவிட்டிருந்தது. தலையில் முக்காடு மாதிரி ஒன்று. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கண் இமைக்கும் நேரம்தான். பிறகு மறுபடி கறுப்பு.

எனக்கே முதுகு சில்லிட்டது. அப்புறம்தான் அந்தத் துண்டு என் துண்டு என்பது உறைத்தது. ஆடிக் காற்று ஒரு மூச்சு ஓங்கி அடித்ததில் துணி கையைவிட்டு உருவிக்கொண்டு போனது. நான் எட்டிப் பிடித்து மறுபடி அழுத்திக்கொண்டேன். உள்ளே எல்லோரும் அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஒருவரும் கவனிக்கவில்லை.

அதன் பிறகு மூக்குத்தியையும் பரோட்டாக் கடையையும் யாரும் பேசவில்லை. எல்லோரும் ஜன்னலைத்தான் பேசினார்கள்.

'இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே இல்ல, கவனிச்சீங்களா?'

'அது மாடி ரூம். அவங்க படியேறிப் போறத முன்னாடியே காட்டுறாங்க. மாடி ஜன்னலுக்கு வெளிய ஆள் எப்பிடி நிக்க முடியும்?'

படியேறியது வேறிடம். அந்த அறை தரையில் இருக்கிறது. எங்கள் கட்டடத்துக்கு மாடியே கிடையாது. ஆனால் அது எனக்கும் படமெடுத்தவர்களுக்கும்தானே தெரியும்.

அதற்கு மேல் ஒருவர் எழுதினார்: 'அது கப்பலூர்ல இருக்குற பழைய கம்பெனி. எங்க சித்தப்பா அங்க வேலை பார்த்தாரு. ஒரு ஆளு அடுப்புல விழுந்து செத்துட்டாரு, மறைச்சுட்டாங்க.'

அந்த அடுப்பில் ஒருவரும் விழவில்லை. அங்கே வேலை பார்த்த ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும். யார் டீயில் சீனி அதிகம் கேட்பார்கள், யார் மாவு சலிக்கும்போது பாடுவார்கள் என்று தெரியும். அந்தச் சித்தப்பா யாராக இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு முகமும் வரவில்லை. அப்படி ஒரு சாவை எங்கள் தலையில் எழுதியதைப் படித்தபோது மனசுக்கு ரொம்பச் சங்கடமாக இருந்தது. ரோஜாப்பூக்காரராவது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரும், 'பாவம் யார் பெத்த பிள்ளையோ' என்று எழுதியிருந்தார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக நானும் எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டியதில் மத்தியானம் முழுக்கப் போய்விட்டது. 'அது பேய் இல்லை. நான்தான் அது. துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.'

அனுப்பிய பிறகுதான் பார்த்தேன், மற்றவர்களுக்குப் பெயரும் படமும் இருந்த இடத்தில் எனக்கு ஒன்றுமே இல்லை. போன் வாங்கிய கடைக்காரர் ஏதோ எழுத்தையும் எண்ணையும் போட்டுத் திறந்து கொடுத்திருந்தார். படம் இருக்க வேண்டிய வட்டத்தில் சாம்பல் நிறத்தில் முகமில்லாத ஓர் ஆள்.

காலையில் எழுந்து பார்த்தால் என் கருத்துதான் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது.

'டேய், பேயே வந்து கமெண்ட் போட்டுருச்சுடா!'

'அண்ணே அங்க சிக்னல் எப்பிடி?'

'துணின்னா எந்தத் துணிண்ணே? கோடித் துணியா?'

'நெஞ்சு வலிக்காரவங்க இந்தக் கமெண்ட்டப் படிக்காதீங்க. புரொபைல் படத்தப் பாருங்க, மூஞ்சியே இல்ல.'

'அண்ணே, எங்க அப்பா போன வருசம் அங்க வந்தாரு. பாத்தா நல்லா இருக்கோம்னு சொல்லுங்க.'

கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. ஒருவராவது உண்மையாக இருக்குமோ என்று கேட்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அத்தனை பேர் என்னை அண்ணே என்று கூப்பிட்டதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அப்பாவைப் பற்றிச் சொன்னவருக்கு மட்டும் ஏதாவது பதில் எழுதலாமா என்று நினைத்தேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

தங்கை போன் செய்தாள். "ஏண்ணே, நீ இருக்குற எடத்துல பேயி இருக்காமே? இங்க எல்லாரும் செல்லுல காட்டுறாக. எனக்கு ஈரக்கொலையே நடுங்குது. எப்பிடித் தனியாக் கெடக்க?"

"நீ பாத்தியா?"

"பாத்தேன்ணே. அய்யோ, அந்தக் கழுத்த ஒடிச்ச மாதிரி சாச்சுக்கிட்டு..."

"அது நான்தான்த்தா."

"வெளையாடாதண்ணே" என்றாள். "ஒன்னைய எனக்குத் தெரியாதா?"

மறுநாள் முதலாளி வந்தார். இந்தத் தடவை வண்டியிலிருந்து இறங்கினார். வியாபாரி பின்வாங்குகிறார் என்றார். "அவருக்கு ஒண்ணுமில்லையாம். தைக்கிற பொம்பளைக யாரும் இங்க வரமாட்டேங்கிறாகளாம். பேயி தானே கமெண்ட்டும் போட்டுருச்சுன்னு பேச்சாம்."

"அது நான் போட்டது, மொதலாளி. ஜன்னல்ல நின்னதும் நான்தான்."

"எனக்குத் தெரியும்யா. அந்தத் துண்டப் பாத்தாலே தெரியாதா? எனக்குத் தெரிஞ்சு என்ன புண்ணியம்? அவுகளுக்குல்ல தெரியணும்." வண்டியில் ஏறியபிறகு கண்ணாடியை இறக்கிச் சொன்னார். "பிளாட் பார்ட்டி தெனம் போன் அடிக்கிறான். நான் பொங்கல் வரைக்கும்தான் பாப்பேன்."

டைரக்டர் தம்பியிடம் பேச, போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்பறைக்குமாக வெகுநேரம் நடந்தேன். பிறகு அழுத்தினேன். ஜன்னலில் இருப்பது நான் என்று அவரே ஒரு வார்த்தை எழுத வேண்டும் என்று கேட்டேன்.

"அண்ணே, நீங்கன்னு எனக்கும் பெறகுதான் தெரிஞ்சுச்சு" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிராதீங்க. படத்த யாரும் பாக்கவே இல்லண்ணே. அந்த ஜன்னலுக்குப் பெறகுதான் பாக்குறாங்க. இத வச்சு ஒருத்தரு அடுத்த படம் பேசிக்கிட்டு இருக்காரு. இப்பப் போய் அது துணி புடிச்ச அண்ணன்னு எழுதுனா எல்லாம் முடிஞ்சு போச்சு."

அவர்கள் எல்லோரும் ஒரே வேனுக்குள் வந்து இறங்கியதை நினைத்தேன். அந்த அம்மா தன் மூக்குத்தியைத் தானே குனிந்து எடுத்ததை நினைத்தேன்.

"நெட்டுல வேணாம்ணே. வேற யாருக்குச் சொல்லணும்னாலும் சொல்றேன். அந்தத் தையக்காரங்ககிட்ட நானே பேசுறேன்."

அவர் சொன்னபடி வியாபாரிக்குப் போன் செய்தார். பேசியது வியாபாரியின் மனைவி. தையல் பெண்களை வைத்து வேலை வாங்குவது அந்த அம்மாதான். "நீங்க சினிமாக்காரரு, ஆயிரம் சொல்வீங்க. நாங்க வந்து பாத்துக்கிர்றோம்" என்றாராம்.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து சாப்பாட்டுக்கு அப்புறம் வியாபாரியும் மனைவியும் வந்தார்கள். கூடவே தைக்கும் பெண்கள் இரண்டு பேர். ஒருத்தி வயதில் மூத்தவள், கட்டடத்துக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள். இளையவள் கையில் போன், அதில் அந்தக் காட்சி தயாராக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"எங்க அந்த அண்ணன்?" என்று வியாபாரியின் மனைவி சுற்றிலும் பார்த்தார். நான் வெளியே வந்ததும் மூத்தவள் "யம்மா!" என்று நெஞ்சில் கை வைத்தாள்.

"இங்கதான் நிக்கிறீங்களா? ஒரு கொரல் குடுக்கக் கூடாதாண்ணே?" என்றார் அந்த அம்மா.

அடுப்பறையைக் காட்டினேன். உள்ளே வந்து ஜன்னலைப் பார்த்தார்கள். இது தரைத்தளம்தான், மாடி இல்லை என்பதில் இளையவளுக்குப் பாதிப் பயம் போனது. மூத்தவள் விடவில்லை. "அது நல்ல ஒசரம். ஜன்னலு மேக்கட்டை வரைக்கும் தலை இருக்கு. இவரு குட்டையால்ல இருக்காரு?"

நான் வெளியே போய் எண்ணெய் டின்னைத் தேடி எடுத்து வந்து கவிழ்த்துப் போட்டேன். கொடியில் கிடந்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டேன். கறுப்புத் துணி இல்லை. என் போர்வையை எடுத்துப் பிடித்தேன். நேரம் மூன்றைத் தாண்டியிருந்தது, வெயில் சரியாக என் முதுகுக்கு வந்திருந்தது. காற்று மட்டும் இல்லை.

"இப்ப விடுங்கண்ணே" என்று உள்ளிருந்து வியாபாரியின் மனைவி குரல் கொடுத்தார்.

போர்வையை விடத்தான் வேண்டும். என் கை விடவில்லை. அந்தப் பக்கம் நாலு பேர் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். போர்வையின் நூலிழைகளுக்கு நடுவே அவர்கள் நிழல் தெரிந்தது. பொங்கல் கழிந்தால் இந்தச் சுவர் இருக்காது, நான் நிற்கும் மண்ணில் பிளாட் கல் நட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியும் கை வரவில்லை.

"என்னண்ணே, தூங்கிட்டீங்களா?" என்றார் வியாபாரி.

விட்டேன்.

"நேராப் பாருங்கண்ணே" என்றார் அந்த அம்மா. நிமிர்ந்தேன். நிமிர்ந்ததாகத்தான் நினைத்தேன். ஆனால் தலை தானாக இடது தோள்பக்கம் சாய்ந்து, பார்வை ஜன்னல் கட்டையில் போய் விழுந்துவிட்டது.

"இன்னும் நேரா."

அதற்கு மேல் என்னால் ஆகவில்லை. காது இரண்டும் சுட்டது.

இளையவள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். திடீரென்று துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "அக்கா, இவரேதான்! அதே கழுத்து! கழுத்த ஒடிச்சுக் கொன்னுட்டாகன்னு நாம பேசுனமே, இவரு வெக்கப்பட்டுக்கிட்டு நிக்கிறாருக்கா!"

மூத்தவள் கிட்டே வந்து, என் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, "எந்த ஊர்லயாச்சும் இம்புட்டு வெக்கப்படுற பேயி இருக்குமாடி?" என்றாள். நாலு பேரும் சிரித்தார்கள். அந்த அறையில் அவ்வளவு சத்தமாகச் சிரிப்பு கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. நான் டின்னிலிருந்து இறங்கி, போர்வையை மடித்துக்கொண்டே நின்றேன். எத்தனை மடிப்பு மடித்தேன் என்று தெரியவில்லை, கடைசியில் அது தலையணை அளவுக்கு வந்துவிட்டது.

கிளம்பும்போது வியாபாரியின் மனைவி என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, நாங்க வாரோம். ஆனா ஒரு கண்டிசன். இருபது பொம்பளைக வேலை பாக்குற எடம். நீங்க பாட்டுக்குக் கதவுக்குப் பின்னாடி, தூணுக்குப் பின்னாடின்னு நின்னீங்கன்னா, ஒரு நாளு ஒருத்தி அலறுவா, மறுநாளு எல்லாரும் நின்னுருவாங்க. நீங்க எங்க கண்ணுல படுற மாதிரிதான் இருக்கணும். வந்தா ஒரு சத்தங் குடுத்துட்டு வரணும். செருமுங்க, இருமுங்க, என்னவோ செய்யுங்க. அம்புட்டுதான். முடியுமா?"

வாடகையைப் பற்றியோ சாவியைப் பற்றியோ கேட்டிருந்தால் உடனே பதில் சொல்லியிருப்பேன். இதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"முடியும்மா" என்றேன்.

கார்த்திகைக் கடைசியில் மிஷின்கள் வந்து இறங்கின. இப்போது பேக்கிங் அறைக்கு ஒரு தடுப்பு வைத்து எனக்குப் பாதியை விட்டிருக்கிறார்கள். பகலில் கேட்டுக்கு அருகே வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காருகிறேன், எல்லோர் கண்ணிலும் படுகிறபடி. முதல் வாரம் அது வெயிலில் நிற்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. தைக்கும் பெண்கள் போகும்போதும் வரும்போதும் "என்னண்ணே, இன்னிக்கு யாரப் பயமுறுத்துனீங்க?" என்று கேட்பார்கள். நான் சிரிப்பேன். மத்தியானம் அவர்கள் வட்டமாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்ததும் கூப்பிடுவார்கள். இன்னும் எனக்கு அங்கே போய் உட்கார வரவில்லை. "ஆச்சும்மா" என்று சொல்லிவிடுகிறேன். மூத்தவள் மட்டும் நம்புவதில்லை. ஒரு மூடியில் குழம்பை ஊற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் திரும்பிப் போவாள். பார்த்தால் எடுக்க மாட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

படத்துக்குக் கீழே இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆள் அடுப்பில் விழுந்ததை நேரில் பார்த்ததாகக்கூட ஒருவர் எழுதிவிட்டார். டைரக்டர் தம்பிக்கு அடுத்த படம் அமைந்துவிட்டதாம். நான் மறுபடி எதையும் எழுதவில்லை. படிப்பதும் குறைந்துவிட்டது.

தையல் அறைக்குள் போக வேண்டியிருந்தால் வாசலிலேயே நின்று தொண்டையைச் செருமுகிறேன். உள்ளிருந்து யாராவது, "வாங்கண்ணே, வாங்க" என்பார்கள். அதைக் கேட்ட பிறகு காலை எடுத்து வைப்பேன். ஆறு மணிக்கு எல்லோரும் வேனில் ஏறிப் போய்விடுவார்கள். கேட்டைப் பூட்டிவிட்டு, விளக்கை அணைத்திருக்கிறார்களா என்று பார்க்க உள்ளே வருவேன். மிஷின்கள் எல்லாம் துணி போர்த்திக் கிடக்கும். யாரும் இல்லை என்று தெரியும். ஆனாலும் வாசலில் நின்று ஒரு தடவை செருமிவிட்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் உள்ளே போகிறேன்.